சி.பி. குழந்தைக்குக் கால் ஆபரேஷன் முடிந்துவிட்டது, இனி என்ன? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆஸ்பத்திரிச் சீட்டில் 'பெருமூளை வாதம்' என்று எழுதியிருக்கும். தெரபி அறையில் எல்லோரும் 'சி.பி.' என்றுதான் சொல்வோம். இந்தக் குழந்தைகளுக்கு இடுப்பிலோ முழங்காலிலோ பாதத்திலோ ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் பெற்றோருக்குக் கேள்விகள் கிளம்பும். டிஸ்சார்ஜ் தாளில் அவற்றுக்கெல்லாம் இடம் இருக்காது. தமிழ்நாட்டின் ஒரு சிறிய ஊரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் பேச்சையே கேளுங்கள். உள்ளே திறந்து பார்த்தவர் அவர்.

ஆபரேஷன் பண்ணியாச்சு. இனி நடந்துடுவானா?

'நடந்துடுவான்' என்று தலையாட்டிவிட்டால் எனக்கு வேலை மிச்சம். ஆறு மாதம் கழித்து நீங்கள் வந்து நிற்கும்போது என்னால் முகம் பார்க்க முடியாது.

மூளையில் நேர்ந்த பாதிப்பு எப்போதோ நடந்து முடிந்தது, அது வளர்வதில்லை. ஆனால் குழந்தை வளர்கிறது. எலும்பு நீளும் வேகத்துக்கு விறைத்த தசை நீள்வதில்லை. அதனால் முழங்கால் மடங்கியே நிற்கும், தொடைகள் கத்தரி மாதிரி குறுக்கே வரும், தொடை எலும்பு உள்பக்கம் முறுக்கியபடியே இருந்துவிடும். ஆபரேஷன் சரிசெய்வது இவற்றைத்தான். மூளையிலிருந்து காலுக்கு வரும் கட்டளையை அது தொடுவதே இல்லை. அப்புறம் ஒன்று: 'நரம்பை வெட்டி விட்டிருக்காங்க' என்று பலர் சொல்கிறார்கள். வெட்டி நீட்டுவது நரம்பை அல்ல, தசையை எலும்போடு இணைக்கும் நாணை.

சி.பி. குழந்தைகளின் இயக்கத்தை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறை 1997-ல் கனடாவில் உருவானது. முதல் நிலைக் குழந்தை ஓடும், படி ஏறும். மூன்றாம் நிலைக் குழந்தை வாக்கரோ கைத்தடியோ பிடித்து நடக்கும். ஐந்தாம் நிலைக் குழந்தைக்குத் தலையை நிமிர்த்தி உட்காரவே துணை வேண்டும். உங்கள் குழந்தை எந்த நிலை என்று டாக்டரிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனால் இந்த நிலை பெரும்பாலும் மாறாது. வாக்கர் பிடித்து நடந்தவன் கூடுதல் தூரம், குறைந்த களைப்போடு, வலியில்லாமல் நடப்பான். அது சின்ன விஷயமில்லை. ஆனால் வாக்கரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடுவான் என்று யாராவது சொல்லியிருந்தால், எதை வைத்துச் சொன்னார் என்று கேளுங்கள்.

ஒரே நாளில் இத்தனை இடத்தில் ஏன் வெட்டினார்கள்? கொஞ்சம் கொஞ்சமாகச் செய்திருக்கக் கூடாதா?

முன்பு அப்படித்தான் செய்தார்கள். இந்த வருடம் குதிகால், அடுத்த வருடம் முழங்கால், அதற்கடுத்து இடுப்பு. குழந்தையின் ஒவ்வொரு பிறந்த நாளும் ஆஸ்பத்திரியில் கழிகிறது என்பதால் டொரண்டோவின் எலும்பு மருத்துவர் மெர்சர் ராங் இதற்குப் 'பிறந்தநாள் நோய்' என்றே கேலியாகப் பெயர் வைத்தார். இப்போது முடிந்தவரை எல்லாவற்றையும் ஒரே மயக்கத்தில் முடிக்கிறார்கள். ஒரு முறை வலி, ஒரு முறை மாவுக்கட்டு, ஒரே நீண்ட பயிற்சிக் காலம்.

பக்கத்து வீட்டுப் பையனுக்குக் குதிகாலில் மட்டும் சின்னதாகச் செய்தார்கள், மறு மாதமே பாதம் தரையில் பதிந்தது. எங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெரிது?

இரண்டு காலும் விறைத்த குழந்தை நுனிக்காலில் நடந்தால், குதிகால் நாண் ஒன்றுதான் குற்றவாளி என்று தோன்றும். அதை மட்டும் நீட்டினால் பாதம் உடனே தரையில் பதியும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நாண் தேவைக்கு மேல் நீண்டுவிட்டால் கெண்டைக்கால் தசை வலுவிழக்கும். நிற்கும்போது முழங்காலை நேராகத் தாங்கிப் பிடிப்பதில் அந்தத் தசைக்கும் பங்கு உண்டு. சில வருடங்களில் எடை கூடும், முழங்கால் மடங்கத் தொடங்கும், குழந்தை நாற்காலியில் பாதி உட்கார்ந்த மாதிரியே நடக்கும். ஐந்து வயதில் குதிகாலில் செய்துகொண்டு பன்னிரண்டு வயதில் அப்படி நடந்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நுனிக்கால் நடையைவிட அதைத் திருத்துவது கடினம். ஒரு கால் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைக்குக் கணக்கு வேறு. பக்கத்து வீட்டுப் பையன் அந்த வகையாக இருக்கலாம்.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டோம். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் வண்டி. இரண்டு காலிலும் கட்டுப் போட்டு நடுவில் குறுக்குக் கட்டை வைத்திருந்தால் குழந்தை ஆட்டோவுக்குள் நுழையாது. ஒரு தகப்பனார் ஆஸ்பத்திரி வாசலில் மூன்று ஆட்டோவை நிறுத்தி அளந்து பார்த்துவிட்டுக் கடைசியில் ஆம்னி வேன் பிடித்தார். முந்தின நாளே ஏற்பாடு செய்யுங்கள்.

வீட்டில் கால் விரல்களைப் பாருங்கள், முதல் சில நாட்கள் அடிக்கடி. நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்து உடனே சிவக்க வேண்டும். விரல் நீலமாகவோ வெளிறியோ ஜில்லென்றோ இருந்தால், வீக்கம் ஏறினால், விரலை லேசாக அசைத்தாலே குழந்தை துடித்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். இரவு இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டு இறுகி உள்ளே ரத்தம் ஓடாமல் இருந்தால் சில மணி நேரத்திலேயே தசை கெட்டுவிடும்.

அடுத்தது குதிகால். கட்டுக்குள் குதிகால் அழுந்திக்கொண்டே இருந்தால் புண் வரும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி படுக்க வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போடுங்கள். கட்டிலிருந்து கெட்ட வாடை வந்தாலோ, புதிதாக ஈரக் கறை தெரிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

நம் வெயிலில் கட்டுக்குள் அரிக்கும். ஈர்க்குச்சி, சீப்பு, ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள். கட்டு பிரிக்கும்போது உள்ளிருந்து பென்சில் விழுந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அது தோலைக் கிழித்துப் புண்ணாக்கியிருந்தது. ஃபேன் காற்றை கட்டின் விளிம்புப் பக்கமாக விடுங்கள், டாக்டரைக் கேட்டு அரிப்புக்கு மருந்து கொடுங்கள்.

இடுப்பு வரை கட்டு என்றால் பெரிய தொல்லை மலமும் சிறுநீரும். சின்ன டயப்பரைக் கட்டின் விளிம்புக்குள் செருகி, மேலே பெரிய டயப்பர் ஒன்றைக் கட்டுங்கள். படுத்தே கிடப்பதாலும் வலி மருந்தாலும் மலச்சிக்கல் வரும். இரண்டு நாள் போகவில்லை என்றாலே சொல்லுங்கள். வயிறு இறுகினால் கால் விறைப்பும் கூடும்.

வலிப்பு மருந்து சாப்பிடும் குழந்தை என்றால் இந்தக் களேபரத்தில் ஒரு வேளையும் தவறக் கூடாது.

ராத்திரி தூக்கத்தில் கால் வெட்டி இழுத்து, அலறிக்கொண்டு எழுகிறாள். தையல் விட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. வெட்டுப்பட்ட இடத்தைச் சுற்றியுள்ள தசை திடீரென இறுகித் துள்ளுகிறது. வலி இறுக்கத்தைக் கூட்டும், இறுக்கம் வலியைக் கூட்டும். சாதாரண வலி மாத்திரை மட்டும் இதற்குப் போதாது. தசையைத் தளர்த்தும் மருந்தும் எழுதித் தந்திருப்பார்கள். நேரம் தவறாமல் கொடுங்கள். அந்த வகை மருந்தான பேக்லோஃபென் சாப்பிடும் குழந்தைக்கு அதை நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது, அது ஆபத்து. துள்ளும் காலை அமுக்கிப் பிடிக்காமல் வெறுமனே கை வைத்துத் தாங்கியிருங்கள். முதல் இரண்டு, மூன்று வாரத்தில் இது அடங்க வேண்டும். நாளுக்கு நாள் கூடினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பேச்சு வராத குழந்தையின் வலியை எப்படித் தெரிந்துகொள்வது என்றும் கேட்பார்கள். வழக்கமாகச் சாப்பிடும் சோற்றைத் துப்புவது, புருவம் சுருங்குவது, மூச்சை இழுத்துப் பிடிப்பது, தொட வரும் கையைப் பார்த்ததுமே உடம்பு விறைப்பது. இதையெல்லாம் அம்மாதான் முதலில் கண்டுபிடிப்பார். 'இவன் இப்படி இருக்கமாட்டான் சார்' என்று ஒரு அம்மா சொன்னால் நான் வேலையை நிறுத்திவிடுவேன்.

கட்டு பிரித்ததும் கால் குச்சி மாதிரி இருக்கிறது, தோல் பொருக்குப் பொருக்காக உரிகிறது.

தோல் தானாகச் சரியாகும். பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போதும்.

கவலைப்பட வேண்டியது எலும்பு. ஆறு வாரம் எடை தாங்காத எலும்பு சுண்ணாம்புச் சத்து குறைந்து மெலிந்திருக்கும். முன்பே நிற்காத குழந்தைகளுக்கு இன்னும் மோசம். கட்டு பிரித்த முதல் சில வாரங்களில் உடை மாற்றும்போது கூட முழங்காலுக்கு மேலே எலும்பு முறிய வாய்ப்பு உண்டு. அதனால் பாதத்தைப் பிடித்துக் காலைத் தூக்காதீர்கள். தொடைக்குக் கீழே ஒரு கை, கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு கை. காரணம் தெரியாமல் தொடை வீங்கிச் சூடாக இருந்தால், விழவே இல்லையென்றாலும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன்னால் வாக்கரில் நடந்தவன், நாலு மாசமாச்சு, இப்போ நிற்கவே அழறான். கெடுத்துட்டாங்களா?

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இது.

இந்தச் சரிவு எதிர்பார்த்ததுதான். ஆபரேஷனுக்கு முன்பே யாராவது உங்களை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை.

மெல்போர்ன் குழந்தைகள் மருத்துவமனையில் ஓர் எளிய அளவுகோல் வைத்திருக்கிறார்கள். குழந்தை 5 மீட்டர், 50 மீட்டர், 500 மீட்டர் தூரங்களை எதைக் கொண்டு கடக்கிறது என்று பார்த்து எண் போடுவார்கள். நம் கணக்கில் வீட்டுக்குள், பள்ளிக்குள், கடைத்தெரு. பல இடங்களில் ஒரே தடவையில் ஆபரேஷன் செய்த பிள்ளைகளை அங்கே தொடர்ந்து பார்த்தபோது, மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் எண் முன்பைவிடக் குறைந்திருந்தது. ஒரு வருடத்தில் பழைய இடத்துக்கு வந்தது. அதற்கு மேல் போனது இரண்டாம் வருடத்தில்தான். அதே ஊரில் 2011-ல் வெளியான இன்னோர் ஆய்வு சிறியது, 19 குழந்தைகள்தான். அதிலும் ஒரு வருடத்தில் நடையின் வடிவம் நன்றாகத் திருந்தியிருந்தது. மொத்த இயக்கத்திறன் கூடியது இரண்டாம் வருட முடிவில்தான்.

ஏன் இப்படி? இறுகிய தசைதான் அவனுக்கு இத்தனை நாள் ஊன்றுகோல். அந்த விறைப்பின் மேல் சாய்ந்துதான் நின்றான். இப்போது அதைத் தளர்த்திவிட்டார்கள். கால் நேராக இருக்கிறது, பிடிக்கும் பலம் இல்லை. பலம் வர மாதக்கணக்காகும். எட்டு வயதுப் பெண் ஒருத்தி வாக்கர் பிடித்துத் தெருமுனைப் பெட்டிக்கடை வரை போய் மிட்டாய் வாங்கி வருபவள். ஆபரேஷனுக்கு நாலு மாதம் கழித்துக் கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் வர இருபது நிமிடம் எடுத்தாள். பதினான்காம் மாதம் மறுபடி பெட்டிக்கடைக்குப் போனாள். போய் வந்து களைப்பாகச் சாயாமல் திண்ணையில் உட்கார்ந்து அந்த மிட்டாயைச் சாப்பிட்டாள். முன்பு வந்ததும் படுத்துவிடுவாளாம். அவள் அம்மா என்னிடம் சொன்னது அதைத்தான், எத்தனை அடி நடந்தாள் என்பதை அல்ல.

அதற்காக எல்லாச் சரிவும் இயல்பு என்று விட்டுவிடாதீர்கள். பாதம் திடீரெனத் தொங்குவது, ஒரே இடத்தில் விடாமல் வலி, நன்றாக வந்துகொண்டிருந்தவன் ஒரே வாரத்தில் பின்னுக்குப் போவது ஆகியவை வேறு.

தினமும் எத்தனை மணி நேரம் எக்சர்சைஸ்?

மணிக்கணக்கு வேண்டாம். இருபது நிமிடம் வீதம் இரண்டு வேளை, மற்றதெல்லாம் அன்றாட வேலைக்குள். பல் தேய்க்கும்போது நிற்பது, டி.வி. பார்க்கும்போது குப்புறப் படுப்பது (இடுப்பு மடங்கிப் போகாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை), ஸ்டூலில் இருந்து எழுந்து சுவிட்ச் போடுவது. நீட்டிவிடுவதை மட்டும் செய்துவிட்டுப் பலத்துக்கான பயிற்சியை விடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு.

என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தொடைக்குப் பின்னால் நாண் நீட்டிய பையனைக் காலை நேராக நீட்டி நிமிர்ந்து உட்காரவைத்தேன். 'எரியுது' என்றான். சோம்பல் என்று நினைத்தேன். மறுநாள் பாதத்தில் உணர்வு மந்தமாகி, பாதத்தைத் தூக்க முடியவில்லை. மடங்கியே பழகிய காலுக்குள் ஓடும் நரம்பும் குட்டையாகப் பழகியிருக்கும். ஒரேயடியாக இழுத்தால் அது தாங்காது. மூன்று மாதத்தில் சரியானது, என் அதிர்ஷ்டம். பாதத்தில் எரிச்சல், மரத்தல், ஊசி குத்துவது போல் என்று குழந்தை சொன்னால் முழங்காலை மடக்கிவிட்டு உடனே தெரியப்படுத்துங்கள்.

எண்ணெய் தேய்த்து உருவிவிடலாமா?

தையல் ஆறிய பிறகு, மென்மையாக, குழந்தைக்குப் பிடித்திருந்தால் சரி. இழுத்து நெட்டி முறிக்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

காலிபர் (காலைத் தாங்கிப் பிடிக்க வெளியே மாட்டும் சாதனம்) எவ்வளவு நாள்?

திருத்திய கால் திரும்ப மடங்காமல் இருக்க, குறைந்தது முதல் வருடம் முழுக்க. வளரும் வயதில் ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை சிறிதாகிவிடும். கழற்றியதும் தெரியும் சிவப்புத் தடம் அரை மணி நேரத்தில் மறைய வேண்டும். மறையாவிட்டால் அது கடிக்கிறது என்று அர்த்தம். செய்து கொடுத்தவரிடம் எடுத்துப் போங்கள். உள்ளே பருத்தி சாக்ஸ் போடுங்கள்.

இவள் நடக்கப் போவதே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் எதற்கு இடுப்பு ஆபரேஷன்?

நடக்காத குழந்தைக்குத்தான் இடுப்பு அதிகம் நழுவும், அதாவது தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழியிலிருந்து விலகும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2006-ல் வெளியான ஆய்வில், முதல் நிலைக் குழந்தைகள் யாருக்கும் இடுப்பு நழுவவில்லை. ஐந்தாம் நிலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு நழுவியது. முழுக்க விலகிய இடுப்பு பல பிள்ளைகளுக்கு வலிக்கும். உட்காரும்போது ஒரு பக்கம் சாயும். கால்களை அகட்ட முடியாததால் கழுவிவிடுவதே போராட்டமாகிவிடும்.

ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இரவு தூங்குகிறாளா? நாற்காலியில் எவ்வளவு நேரம் அழாமல் உட்காருகிறாள்? டயப்பர் மாற்ற இரண்டு பேர் தேவைப்பட்டது இப்போது ஒருவர் போதுமா? இந்த மூன்றிலும் முன்னேற்றம் என்றால் ஆபரேஷன் வேலை செய்திருக்கிறது. தெற்கு ஸ்வீடனில் 1994 முதல் எல்லா சி.பி. குழந்தைகளுக்கும் குறிப்பிட்ட இடைவெளியில் இடுப்பு எக்ஸ்ரே எடுத்து, நழுவத் தொடங்கும்போதே கவனித்ததில் முழு விலகல் ஏறக்குறைய இல்லாமல் போனது. நம் ஊரில் பலர் வலி வந்த பிறகுதான் முதல் எக்ஸ்ரேயையே எடுக்கிறார்கள். என் ஆதங்கம் அது.

வீல்சேர் வாங்கிக் கொடுத்தால் நடையை மறந்துவிட மாட்டானா?

மாட்டான். 500 மீட்டரை வீல்சேரில் கடந்தவனுக்குத்தான் வகுப்பறைக்குள் பத்து அடி நடக்கத் தெம்பு மிச்சமிருக்கும். நீங்கள் மார்க்கெட்டுக்கு பஸ்ஸில் போகிறீர்கள், நடையை மறந்துவிட்டீர்களா?

ஆபரேஷனுக்கு அப்புறம் யாரிடமும் பேசுவதில்லை. பிசியோ வந்தால் போர்வையை மூடிக்கொள்கிறாள்.

போர்வைக்குள் தூங்குவது போல நடித்த ஒருத்தியை எனக்குத் தெரியும். இமை துடிக்கும். அவள் இடத்தில் இருந்து பாருங்கள். யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. ஒரு நாள் காலை சாப்பாடு கொடுக்காமல் எங்கோ கூட்டிப் போனார்கள். விழித்தபோது கால் அவள் காலாக இல்லை. அதற்குப் பிறகு தொடுபவர்கள் எல்லோரும் வலிக்க வைக்கிறார்கள்.

நான் செய்வது இரண்டு. எதை முதலில் செய்யலாம் என்று அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். பத்து எண்ணுவேன் என்று சொன்னால் பத்தில் நிறுத்துவேன். 'ஒன்பதரை, ஒன்பதேமுக்கால்' என்று இழுக்கும் பழக்கம் நம் துறையில் இருக்கிறது. ஒரு முறை ஏமாற்றினால் குழந்தை அதற்குப் பிறகு நம்பாது. வீட்டிலும் அம்மா அம்மாவாகவே இருக்கட்டும். முழு நேரமும் பயிற்சியாளராக மாறினால் குழந்தைக்கு ஓடிப்போக மடி இருக்காது. தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, சோகம் வாரக்கணக்கில் நீடித்தால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுவதில் தயக்கம் வேண்டாம்.

ஐரோப்பாவில் எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையான சுமார் 500 சி.பி. குழந்தைகளிடமே அவர்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். 2007-ல் வெளியான அந்த முடிவின்படி, மற்ற பிள்ளைகள் சொன்னதற்கும் இவர்கள் சொன்னதற்கும் பெரிய வித்தியாசமில்லை. வலி இருந்தவர்களுக்கு வாழ்க்கைத் திருப்தி எல்லா வகையிலும் குறைந்திருந்தது. அதனால்தான் முதலில் வலியைத் தீருங்கள், அடியை அப்புறம் எண்ணலாம் என்கிறேன்.

பள்ளிக்கு எப்போது அனுப்பலாம்?

கட்டோடு உட்கார முடிந்தால், போக வர வசதி இருந்தால், கட்டோடேயே. இடுப்புக் கட்டு என்றால் பிரித்த பிறகு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வீட்டுக்கே வரும் சிறப்பு ஆசிரியர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் இருக்கிறார்கள். தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். போவதற்கு முன் நீங்கள் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டியது பள்ளிக் கழிப்பறையை. குத்தவைக்கும் கழிப்பறை மட்டும் இருந்தால் கமோடு நாற்காலி ஒன்று வேண்டும். கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் நிறைய.

செலவுக்கு என்ன வழி?

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில் இந்த ஆபரேஷன் அடங்குமா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேளுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் 'நிராமயா' காப்பீட்டில் சி.பி. சேர்ந்திருக்கிறது, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவுக்கும் ஒரு பகுதி உண்டு. பில்களைத் தேதி வாரியாக ஒரு கவரில் போட்டு வையுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாவிட்டால் எந்தக் கதவும் திறக்காது, அதை முதலில் வாங்குங்கள்.

எனக்கே முதுகு போய்விட்டது.

கட்டோடு குழந்தையைத் தனியாகத் தூக்காதீர்கள். இரண்டு பேர், கட்டிலை ஒட்டி நின்று, முழங்காலை மடக்கி. பாட்டி, அப்பா, பெரியப்பா யாராவது திருப்பிப்போடும் முறையை எங்களிடம் வந்து கற்றுக்கொள்ளட்டும். அப்பாக்கள் பயிற்சிக்கு வரும் வீடுகளில் குழந்தை சீக்கிரம் தேறுகிறது என்று எனக்கு ஓர் எண்ணம். ஆய்வு எதுவும் கையில் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

மறுபடியும் ஆபரேஷன் வருமா?

வரலாம். ஆறு வயதில் செய்திருந்தால் வாய்ப்பு கூடுதல், ஏனெனில் இன்னும் நிறைய வளர வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் சட்டென்று உயரும்போது கூடுதலாகக் கவனியுங்கள்.

எலும்பைத் திருத்திப் பிடித்துவைக்க உள்ளே வைத்த பிளேட்டை எடுக்க வேண்டுமா?

குழந்தைகளுக்குப் பொதுவாக எலும்பு நன்றாகக் கூடிய பிறகு, ஒரு வருடத்தை ஒட்டி எடுப்பார்கள். முதல் ஆபரேஷன் மாதிரி இது பெரிதில்லை, கட்டும் பெரும்பாலும் தேவைப்படாது. ஓட்டமும் குதிப்பும் மட்டும் சில வாரங்களுக்கு வேண்டாம். ஸ்குரூ இருந்த துளைகள் நிரம்ப அவ்வளவு நாள் ஆகும்.